ஆறாம் அதிகாரம்: ஸ்லாவிய தேசங்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குப் பொருளுதவி

ருஷ்யா, போலந்து, செக் நாடு, பல்கேரியா முதலிய ஸ்லாவிய தேசங்களைப் பற்றியோ, அவற்றை அடுத்துள்ள ஹங்கேரி, மத்திய ஆசியா போன்ற பிரதேசங்களைப் பற்றியோ முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய விரும்பும் ஒரு மாணவர், கோயம்புத்தூரைச் சேர்ந்த கணபதியில், சத்தி ரோட்டை ஒட்டிய வீதி ஒன்றில் குடியிருந்துகொண்டு, மருதமலைச் சாரலில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்திலோ நகரத்துக் கல்லூரி ஒன்றிலோ பதிவு செய்துகொள்ள எண்ணுவாரானால், வீட்டாரும் சுற்றத்தாரும் அவரைக் கேட்கிற முதற் கேள்வி, ‘இதற்கெல்லாம் யாருங்க பணம் குடுப்பாங்க?’ என்பதாகவே இருக்கும். பம்பு செட்டும் வார்ப்படமும் நூற்பாலையும் வளர்த்து, போட்ட முதலுக்கு வரவு என்ன என்று கணக்குப் பார்த்துப் பழகிய ஊரில் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆகவே அதற்குச் சரியான விடை சொல்லுவதே இந்த அதிகாரத்தின் பிரயோஜனம்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். ஆராய்ச்சி முழுவதற்கும் ஒரே கை பணம் கொடுப்பது அரிது. ஆனால் ஆராய்ச்சியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த ஸ்தாபனத்தின் நோக்கம் பொருந்துகிறதோ அந்த ஸ்தாபனத்தினிடம் அந்தக் கட்டத்துக்கு மட்டும் கேட்டால், பணம் கிடைக்கிற வழி உண்டு. உபகாரச் சம்பளம் கிடைக்காமல் போனவர்களில் பலர் தகுதிக் குறைவினால் அல்லாமல், ஜீவனத்துக்குக் கொடுக்கிறவரிடம் பிரயாணச் செலவையும், பிரயாணத்துக்குக் கொடுக்கிறவரிடம் ஜீவனத்தையும் கேட்டதனாலேயே வெறுங்கையோடு திரும்பினார்கள்.

விஷயத்தைத் தேர்ந்தெடுத்தல்

பொருளுதவிக்கு முதற்படி விண்ணப்பம் அன்று, விஷயத் தேர்வு. ‘தாஸ்தாயெவ்ஸ்கியின் நாவல்களில் மனிதநேயம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொண்டால், அதை மாஸ்கோவிலும் லண்டனிலும் இருக்கிற ஆயிரம் பேர் நம்மைவிட வசதியாகச் செய்ய முடியும் என்பதால், தேர்வுக் குழுவினர் கொங்கு நாட்டு மாணவருக்கு ஏன் பணம் தரவேண்டும் என்று யோசிப்பார்கள். அதற்கு மாறாக, ஆதாரங்களில் பாதி தமிழிலும் பாதி ஸ்லாவிய மொழிகளிலும் கிடக்கிற விஷயத்தை எடுத்தால், இரண்டையும் படிக்கக் கூடியவர் உலகில் சிலரே ஆதலால், அந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லை. அத்தகைய விஷயங்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன.

ஈரோட்டுப் பெரியார் ஈ.வெ.ரா. 1931 டிசம்பரில் கப்பலேறி, 1932-இல் ஏறக்குறைய மூன்று மாத காலம் சோவியத் யூனியனில் தங்கி, மற்றும் பல ஐரோப்பிய தேசங்களைப் பார்த்துவிட்டு, அவ்வாண்டு நவம்பரில் ஊர் திரும்பினார். அவர் புறப்படுவதற்கு முன்பே, 1931-இல், கம்யூனிஸ்ட் அறிக்கையின் ஒரு பகுதி தமிழில் ‘குடி அரசு’ இதழில் வெளிவந்திருந்தது. இந்தப் பிரயாணத்தைத் தமிழ் ஆதாரங்களைக் கொண்டு எழுதியவர் பலர். ஆனால் அக்காலத்தில் அயல்நாட்டு விருந்தினரை வரவேற்று, சுற்றிக் காட்டி, அவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்த, 1925-இல் நிறுவப்பட்ட ‘வோக்ஸ்’ என்னும் சோவியத் கலாசாரத் தொடர்புச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் கோப்புகள் மாஸ்கோவில் உள்ள ருஷ்யக் கூட்டாட்சி அரசு ஆவணக் காப்பகத்தில் 5283 என்ற தொகுதி எண்ணின் கீழ் இருக்கின்றன. சர்வதேசக் கம்யூனிஸ்ட் அமைப்பாகிய கொமின்டர்னின் ஆவணங்கள் சமூக அரசியல் வரலாற்றுக் காப்பகத்தில் 495-ஆம் தொகுதியாக வைக்கப்பட்டுள்ளன. 1930-களில் தென்னிந்திய விருந்தினரைச் சோவியத் அதிகாரிகள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்ற கேள்வியை இந்த இரண்டு தொகுதி எண்களோடு முன்வைக்கிற மாணவரைக் குழுவினர் அலட்சியம் செய்வது கடினம்.

இன்னொரு விஷயம் புத்தகங்களைப் பற்றியது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982-இல் அதிலிருந்து பிரிந்த ராதுகா பதிப்பகமும் தமிழில் அச்சிட்டனுப்பிய நூல்களை, 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் மூலம் மலிவு விலைக்கு வாங்கிப் படித்த ஒரு தலைமுறை கொங்கு நாட்டு ஆலைத் தொழிலாளரிடையேயும் உண்டு. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் ஆகியோரின் மொழிபெயர்ப்புகளை எந்தக் குழு தேர்ந்தெடுத்தது, விலையை யார் நிர்ணயித்தார்கள், எத்தனை பிரதிகள் கப்பலேறின என்பவை மாஸ்கோ ஆவணங்களையும் சென்னைக் கணக்குப் புத்தகங்களையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கக்கூடிய சங்கதிகள்.

எதிர்த்திசையில் நடந்த போக்குவரத்தும் இதே அளவு வளமுடையது. டால்ஸ்டாய் 1908-இல் எழுதிய ‘ஒரு ஹிந்துவுக்குக் கடிதம்’ என்ற கட்டுரையில் திருக்குறளை எடுத்தாண்டார். குறளின் ருஷ்ய மொழிபெயர்ப்பு ஒன்று 1963-இல் கிளாஸோவ், கிருஷ்ணமூர்த்தி ஆகிய இருவர் பெயரால் வெளிவந்தது. பிராகைச் சேர்ந்த கமில் ஸ்வெலபில் (1927–2009), மாஸ்கோவைச் சேர்ந்த ஆந்திரோனோவ், துபியான்ஸ்கி (1941–2020) ஆகிய அறிஞர்கள் தமிழுக்காக ஆயுளைச் செலவிட்டார்கள். பிரதேச ஆய்வில் நாட்டமுடையவர்களுக்கு, சோவியத் உதவியால் எழுந்த நெய்வேலி அனல்மின் நிலையமும், 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தினால் உருவான கூடங்குளமும் போதிய விஷயம் தரும்.

செலவை நான்காகப் பகுத்தல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டும், அதிகம் ஆறு ஆண்டும் கால அளவு உண்டு. குறைந்தது பன்னிரண்டு கிரெடிட் அளவுக்குக் கோர்ஸ் ஒர்க் முடிக்க வேண்டும். இந்தக் காலத்துக்குள் மாணவருக்கு வரும் செலவு நான்கு வகைப்படும்: வாடகையும் சாப்பாடும் அடங்கிய மாதச் செலவு, மொழி கற்கும் செலவு, அயல்நாட்டுக் காப்பகங்களுக்கும் நூலகங்களுக்கும் போய்வரும் செலவு, பிரதியெடுத்தல், மொழிபெயர்ப்பு, ஆய்வேட்டை எழுதி அச்சிடுதல் முதலிய சில்லறைச் செலவு. விண்ணப்பங்களைத் தேடுவதற்கு முன் இந்த நான்கையும் ஒரு தாளில் நான்கு பத்தியாக எழுதி, ஒவ்வொன்றிலும் வருஷவாரியாகத் தொகையைக் குறித்துக்கொள்ளுவது அவசியம். பின்னர் வருகிற ஒவ்வொரு அறிவிப்பும் எந்தப் பத்தியை நிரப்பும் என்பது அப்போது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

மாதச் சம்பளம் தரும் உள்நாட்டு உதவிகள்

இவற்றுள் தலையாயது நெட் தேர்வின் வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உபகாரச் சம்பளம். 2023 ஜனவரி முதல் இது முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், அதன்பின் முதுநிலை ஆராய்ச்சியாளர் என்ற வகையில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. மொத்தம் ஐந்தாண்டு வரை கிடைக்கும். இதனுடன் மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்குச் சில்லறைச் செலவு மானியமாக (கான்டிஞ்சன்சி என்று எல்லோரும் சொல்லுவது) முதல் இரண்டு ஆண்டில் ஆண்டுக்கு 10,000 ரூபாயும், பிறகு 20,500 ரூபாயும் உண்டு. விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. கோயம்புத்தூர் மத்திய அரசின் பகுப்பில் ‘ஒய்’ வகை நகரம் என்பதை நினைவில் வைத்து, காரியாலயத்தில் அந்த விகிதப்படியே கணக்கிடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம்.

நெட் தேர்வின் பாடப் பட்டியலில் ருஷ்ய மொழி ஒரு தனிப் பாடம். சர்வதேச, பிரதேச ஆய்வுகள் மற்றொரு பாடம். ஆயினும் இவற்றில்தான் தேர்வு எழுத வேண்டும் என்பதில்லை. தமிழ், வரலாறு, அரசியல், ஆங்கிலம், மொழியியல் ஆகியவற்றில் எதில் முதுகலை முடித்தாரோ அதிலேயே எழுதி, அந்தத் துறையில் பதிவு செய்துகொண்டு, விஷயத்தை மட்டும் ஸ்லாவிய சம்பந்தமாக வைத்துக்கொள்ளலாம். வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு முப்பது. பெண்களுக்கும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 1969-இல் ஏற்பட்ட இந்திய சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் இரண்டாண்டுக்கு மாதம் 20,000 ரூபாயும், ஆண்டுக்கு 20,000 ரூபாய் சில்லறைச் செலவுக்கும் கொடுத்து வருகிறது. கூடங்குளம், நெய்வேலி, வர்த்தக ஒப்பந்தம் போன்ற விஷயங்கள் இதற்குப் பொருந்தும். 1972-இல் ஏற்பட்ட இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சிலின் இளநிலைச் சம்பளம் மாதம் 17,600 ரூபாய்; பெரியார் பிரயாணம், பதிப்பகங்களின் சரித்திரம் போன்றவற்றுக்கு இதுவே உகந்த வாசல். பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கென மத்திய அமைச்சகங்களின் தேசிய உபகாரச் சம்பளங்கள் தனித்தனியே இருக்கின்றன. வீட்டுக்கு ஒரே பெண் குழந்தையாகப் பிறந்தவர்களுக்குச் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே பெயரில் மானியக் குழு ஒரு திட்டம் நடத்துகிறது.

தமிழ்நாட்டு அரசு, முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. முதலமைச்சர் ஆராய்ச்சி ஊக்கத்தொகை என்ற திட்டத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு வைத்து மாணவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இவ்வகைத் தொகைகளும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறுவன ஆதலால், விண்ணப்பிக்கிற ஆண்டின் அறிவிப்பையே பிரமாணமாகக் கொள்ளுக.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாதச் சம்பளம் தரும் உதவிகள் இரண்டை ஒரே காலத்தில் பெறக் கூடாது. ஒன்றைப் பெறுகிறபோது மற்றொன்று வந்தால் எழுத்து மூலம் தெரிவித்து, ஒன்றை விட்டுவிட வேண்டும். ஆனால் பிரயாண மானியம், மொழிப் பள்ளிக்கான உதவி முதலியவை வேறு இனம். அவற்றைப் பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு பெறுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. செலவை நான்காகப் பகுக்கச் சொன்னதன் பலன் இந்த இடத்தில் விளங்கும்.

மொழியைக் கற்பதற்கு உதவி

ருஷ்ய எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் தெரியாமல், ருஷ்யக் காப்பகத்துக்குப் போகப் பணம் கேட்பது வீண். சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் கஸ்தூரி ரங்கா சாலையில் 1972 முதல் இருந்து வரும் ருஷ்யக் கலாசார மையத்தில் மொழி வகுப்புகள் நடக்கின்றன. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு படிப்பவர்கள் முதல் நிலையை எந்த வழியாகக் கற்றாலும் சரி, அங்கீகாரம் பெற்ற ஓர் இடத்திலிருந்து சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுவது நல்லது. தேர்வுக் குழு பார்ப்பது அதைத்தான். போலிஷ், செக், பல்கேரிய மொழிகளில் ஒன்றை நாடுகிறவர்களுக்கு டில்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய, பின்னோ-உக்ரியத் துறையும், ருஷ்யத்தில் ஆழ்ந்து செல்ல விரும்புகிறவர்களுக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ருஷ்யப் படிப்பு மையமும், ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கோடைக் காலத்தில் பிராகில் சார்லஸ் பல்கலைக்கழகமும், பிராடிஸ்லாவாவில் 1965 முதல் ஸ்லோவாக்கியரும் நடத்தும் மொழிப் பள்ளிகள் வெளிநாட்டு ஆராய்ச்சியாளருக்குப் பெயர் பெற்றவை. இத்தகைய கோடைப் பள்ளியில் படித்த ஒரு மாதம், அடுத்த ஆண்டு நீங்கள் அனுப்பும் எந்த விண்ணப்பத்திலும் உங்களுக்காகப் பேசும்.

காப்பகம் பார்க்கப் போகும் செலவு

ருஷ்யாவுக்குப் போக நினைப்பவர் மூன்று விஷயங்களை முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். முதலாவது அழைப்பு: அங்குள்ள பல்கலைக்கழகமோ ஆராய்ச்சிக் கழகமோ அழைப்பு அனுப்பினால்தான் படிப்பு, ஆராய்ச்சி சம்பந்தமான விசா கிடைக்கும், சுற்றுலா விசாவில் போய்க் காப்பகத்தில் உட்காரலாம் என்று எண்ணுவது ஆபத்து. இரண்டாவது, நம் பல்கலைக்கழகத்தின் கடித முகப்பில் காப்பகத் தலைவருக்கு எழுதப்படும் அறிமுகக் கடிதம். அதில் மாணவரின் பெயர், பதிவு, ஆராய்ச்சித் தலைப்பு, ஆராய்ச்சியின் கால எல்லை ஆகியவை ருஷ்ய மொழியில் இருக்க வேண்டும். தலைப்புக்கும் கால எல்லைக்கும் அப்பாற்பட்ட கோப்புகளைக் கேட்டால் மறுக்கப்படக் கூடும். ஆகையால் ‘பெரியாரின் ருஷ்யப் பிரயாணம், 1932’ என்று குறுக்கி எழுதாமல், ‘சோவியத் யூனியனும் தென்னிந்தியாவும்: கலாசார, அரசியல் தொடர்புகள், 1925–1945’ என்று சற்று அகலமாக எழுதி வாங்குவது புத்திசாலித்தனம். மூன்றாவது, கால அளவு: தொண்ணூறு நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் கைரேகைப் பதிவும் வைத்தியப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்ற விதி 2021 டிசம்பர் இறுதியிலிருந்து அமலில் உள்ளது, ஆகவே பிரயாணத்தை எண்பது நாளுக்குள் முடியும்படி அமைத்துக்கொண்டால் காலமும் பணமும் மிச்சம்.

பணத்தை எடுத்துச் செல்லும் முறையும் இப்போது மாறிவிட்டது. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ருஷ்யாவில் தங்கள் சேவையை நிறுத்தியதனால், இங்கே வங்கியில் வாங்கும் பிரயாண அட்டைகள் அங்கே பயன்படமாட்டா. ஆனால் இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளில் ஒரு சலுகை உண்டு: பொதுவாக அயல்நாடு செல்பவர் ஒரு பிரயாணத்துக்கு 3,000 டாலர் அளவுக்கே நோட்டாகக் கொண்டுபோகலாம் என்றிருக்க, ருஷ்யக் கூட்டாட்சிக்கும் சுதந்திர நாடுகளின் காமன்வெல்த் என்று சேர்ந்துள்ள பழைய சோவியத் குடியரசுகளுக்கும் போகிறவர்கள் அனுமதிக்கப்பட்ட அன்னியச் செலாவணி முழுவதையுமே நோட்டாக எடுத்துச் செல்லலாம். இந்த விதியை அறியாத வங்கிக் கிளைகளும் உண்டு. கிளை மானேஜரிடம் வாதாடுவதைவிட ரிசர்வ் வங்கியின் கேள்வி-பதில் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது உத்தமம்.

ருஷ்யாவுக்குப் போக இயலாத காலத்தில் ஆராய்ச்சி நின்றுவிட வேண்டும் என்பதில்லை. 1828 முதல் 1917 வரை ருஷ்யப் பேரரசில் அச்சான நூல்களின் சட்டப் பிரதியைப் பெற்றுவந்த ஹெல்சிங்கியின் தேசிய நூலகம், ருஷ்யாவுக்கு வெளியே உள்ள மிகப் பெரிய ருஷ்ய நூற்றொகுதிகளில் ஒன்றை உடையது. பிராகில் 1924-இல் தோன்றிய ஸ்லாவிய நூலகம் செக் தேசிய நூலகத்தின் ஓர் அங்கமாக இயங்குகிறது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களிடையே இந்திய அரசியல் உளவுப் பிரிவின் கோப்புகள் இருக்கின்றன. சோவியத் சென்று வந்தவர்களையும், 1920 அக்டோபரில் தாஷ்கெண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைத்தவர்களில் ஒருவராகிய சென்னையைச் சேர்ந்த எம்.பி.டி. ஆச்சார்யா போன்றவர்களையும் ஆராய்கிறவர்கள் அவற்றைப் பாராமல் இருக்க முடியாது. லண்டனில் ஆராய்ச்சி செய்ய இந்தியருக்குச் சிறு மானியம் தருவதில் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் நெடுங்காலமாகப் பேர் பெற்றது.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் நடத்தும் ஸ்லாவியத் தகவல் சேவை, எங்கிருந்து கேள்வி வந்தாலும் நூல், கோப்பு இருக்குமிடத்தைத் தேடிச் சொல்லும். இதற்கு ஒரு காசும் செலவில்லை என்பதால் எந்த மாணவரும் வீட்டிலிருந்தே முதலில் பயன்படுத்த வேண்டிய உதவி இது. அங்கே நேரில் போக வேண்டுமானால், இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துள்ளவர்களுக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் வரை ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆராய்ச்சிச் சம்பளம் உண்டு. அவ்வாண்டு அனுமதிக்கப்பட்டுள்ள துறைகளின் பட்டியலைப் பார்த்தபின் விண்ணப்பிக்க வேண்டும். ஃபுல்பிரைட்-ஹேஸ் என்ற பெயரில் காணப்படும் ஆய்வேட்டு உதவி அமெரிக்கப் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. பெயர் ஒற்றுமையைக் கண்டு மயங்கி அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பட்டத்தையே அயல்நாட்டில் பெற விரும்புவோர்

ருஷ்ய அரசு தன் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு மேற்பட்ட ஆராய்ச்சிப் படிப்புக்கும் அயல்நாட்டாருக்கு இடம் ஒதுக்குகிறது. படிப்புக் கட்டணம் கிடையாது, சிறு மாதப் படி உண்டு, மொழி தெரியாதவர்களுக்கு ஓராண்டு ஆயத்த வகுப்பும் உண்டு. ஆனால் விமானச் செலவும் மருத்துவ இன்ஷூரன்ஸும் பெரும்பாலான ஜீவனச் செலவும் மாணவரையே சேரும். ‘இலவசம்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டுப் புறப்பட்டவர்கள் கடனாளியாவது இந்தச் சங்கதியை அறியாமையால்தான்.

போலந்தில் நிலைமை வேறு. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2019 அக்டோபர் முதல் நடைபெறும் முனைவர் பள்ளிகளில் சேர்ந்தவர்களுக்கு, அயல்நாட்டாரும் உட்பட, நான்காண்டு வரை மாதச் சம்பளம் சட்டப்படியே கிடைக்கிறது: இடைக்கால மதிப்பீட்டுக்கு முன் பேராசிரியர் சம்பளத்தில் குறைந்தது 37 சதவீதமும், அதில் தேறியபின் 57 சதவீதமும் ஆகும். வார்ஸா பல்கலைக்கழகத்தில் தமிழும் கற்பிக்கப்படுவதால், தமிழ்-ஸ்லாவிய விஷயத்தை எடுத்துக்கொள்ளுகிறவர்களுக்கு அங்கே செவிசாய்ப்பவர் இருப்பார்கள். செக் நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழியிலேயே படித்தால் எந்த தேசத்தவருக்கும் கட்டணமில்லை. ஹங்கேரி ஸ்லாவிய தேசம் அன்று. எனினும் மத்திய ஐரோப்பாவை ஆராய விரும்புகிறவர்களுக்கு அதன் ஸ்டிபெண்டியும் ஹங்காரிகும் திட்டத்தில் இந்தியருக்கு ஆண்டுக்கு 200 இடம் வரை ஒதுக்கீடு இருந்துவருகிறது. முனைவர் படிப்புக்கு முதல் நான்கு பருவத்தில் மாதம் 1,40,000 ஃபோரிண்டும், பின்னர் 1,80,000 ஃபோரிண்டும் கொடுக்கிறார்கள்.

விண்ணப்பத்தை எழுதும் முறை

தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்கள் எல்லோரும் ஸ்லாவிய நிபுணர்கள் அல்லர். பொருளாதாரம் படித்தவரும் சரித்திரம் படித்தவரும் கலந்திருப்பார்கள். முதற் பத்தியைப் படித்ததும் அவர்களுக்குக் கேள்வி என்ன, ஆதாரம் எங்கே, மாணவர் ஏன் தகுதியுடையவர் என்ற மூன்றும் விளங்கிவிட வேண்டும். பின்வரும் நடையில் தொடங்கலாம்:

‘1932-இல் சோவியத் யூனியனுக்குச் சென்ற தென்னிந்தியர்களை வரவேற்ற ஸ்தாபனங்கள் அவர்களைப் பற்றிப் பதிவு செய்தவை யாவை என்பதே இந்த ஆராய்ச்சியின் கேள்வி. தமிழ்ப் பத்திரிகை ஆதாரங்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், ருஷ்ய ஆதாரங்கள் மாஸ்கோவில் உள்ள ருஷ்யக் கூட்டாட்சி அரசு ஆவணக் காப்பகத்தின் 5283-ஆம் தொகுதியிலும் தேடப்படும். விண்ணப்பதாரர் தமிழைத் தாய்மொழியாகவும் ருஷ்யத்தை இரண்டாம் நிலை வரையிலும் அறிந்தவர்.’

மூன்றே வாக்கியம், ஆனால் ஒன்றுகூட வேறொரு விண்ணப்பத்துக்குப் பொருந்தாது. ‘இந்திய-ருஷ்ய நட்புறவு பழமையானது’ என்று தொடங்குகிற விண்ணப்பமோ எந்த மாணவர் பெயரைப் போட்டாலும் பொருந்திவிடும்; குழுவினர் அதை அடுத்த கட்டுக்குள் தள்ளுவதற்கு அதுவே காரணம்.

செலவுக் கணக்கிலும் இதே முறைதான். ‘ருஷ்யப் பிரயாணம்: 2,50,000 ரூபாய்’ என்று ஒரே வரியில் எழுதினால் அது யாசகமாகத் தோன்றும். அதையே, கோயம்புத்தூரிலிருந்து டில்லி வழியாக மாஸ்கோ போய்வரும் விமானக் கட்டணம், விசாக் கட்டணம், இன்ஷூரன்ஸ், நாற்பத்தைந்து இரவுகளுக்கு விடுதி வாடகை, காப்பகத்தில் பிரதியெடுக்கும் கட்டணம், கையெழுத்துப் பிரதிகளைப் படிக்க உதவுபவருக்கு ஊதியம் என்று ஆறு வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று அரை வரி எழுதினால், கணக்குத் தெரிந்தவர் கேட்கிற உதவியாகிவிடும். நாற்பத்தைந்து நாளில் எத்தனை கோப்பு பார்க்க முடியும் என்ற மதிப்பையும் சேர்த்து எழுதுவது மிக நன்று. கேட்ட தொகையைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தால் எந்தப் பகுதியை முதலில் முடிப்போம் என்று கடைசியில் ஒரு பத்தி எழுதி வைத்தால், குழுவினருக்குக் குறைத்தாவது கொடுக்க மனம் வரும்.

சிபாரிசுக் கடிதம் இரண்டு வேண்டும்: ஒன்று நம் வழிகாட்டிப் பேராசிரியருடையது, மற்றொன்று ஸ்லாவியத் துறை அறிஞர் ஒருவருடையது. இரண்டாமவரைத் தேட வேண்டியவர் மாணவரே. அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்து, அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வியைக் கேட்டு எழுதும் கடிதத்துக்குப் பதில் வரும். ‘மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஒரு சிபாரிசு தாருங்கள்’ என்ற கடிதத்துக்கு வருவதில்லை. குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகக் கேட்பதே மரியாதை.

பணம் கைக்கு வந்த பின்

உபகாரச் சம்பளம் கிடைத்ததோடு வேலை தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் நடுவில் தவிக்கிறார்கள். மானியக் குழுவின் சம்பளம் கனரா வங்கியின் இணையவாசல் வழியாக வருகிறது. அதில் பல்கலைக்கழகத்தில் ஒருவர் மாதந்தோறும் மாணவரின் வருகையை ஏற்றிவைக்க, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் கணக்கில் சேரும். அந்த இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் சம்பளம் இரண்டு மூன்று மாதம் சேர்ந்தே வரும்; ஆதலால் மூன்று மாதச் செலவுக்குப் போதுமான தொகையைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும். வெளிநாடு போகுமுன் ஆராய்ச்சிக் குழுவின் தீர்மானம், பல்கலைக்கழகத்தின் தடையின்மைச் சான்று, உதவி தரும் ஸ்தாபனத்தின் அனுமதி என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால்தான், வெளிநாட்டில் இருந்த நாட்களுக்கும் சம்பளம் தடையின்றி வரும்.

செலவு செய்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீதை அன்றன்றே போட்டோ எடுத்து, தேதிவாரியாகக் கோத்து வைக்கவும். ருஷ்ய மொழியில் உள்ள ரசீதுகளின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வைக்காமல் போனால், ஓராண்டு கழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரிக்கையில், எது விடுதிக்குக் கொடுத்தது, எது காப்பகத்துக்குக் கொடுத்தது என்று மாணவருக்கே தெரியாது. தணிக்கைக்காரர் தெரியாத செலவை ஒப்புக்கொள்ளமாட்டார். பிரயாண மானியத்தின் கடைசித் தவணை பெரும்பாலும் அந்தச் சான்றிதழுக்குப் பின்னரே விடுவிக்கப்படும்.

கடைசியாக ஒன்று. காப்பகத்தில் எடுத்த பிரதிகளுக்குத் தொகுதி எண், பட்டியல் எண், கோப்பு எண், தாள் எண் என்ற நான்கையும் குறித்து ஓர் அட்டவணை தயாரித்து, ஆய்வேடு முடிந்ததும் அந்த அட்டவணையின் ஒரு பிரதியைத் துறை நூலகத்தில் கொடுத்துவிட வேண்டும். உதவி தந்த ஸ்தாபனத்துக்கு அனுப்பும் இறுதி அறிக்கையில் இதைக் குறிப்பிட்டால் அடுத்த விண்ணப்பத்துக்கு அது பலமாகும். அதைவிட முக்கியமானது, பின்னால் இதே ஊரிலிருந்து இதே துறைக்கு வருகிற மாணவர் எந்தத் தொகுதியில் என்ன இருக்கிறது என்று அறிவதற்கு மறுபடியும் ஒரு பிரயாணச் செலவைக் கேட்க வேண்டிய அவசியம் இராது. அவர் தம் விண்ணப்பத்தை அதற்கு அடுத்த கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.